நாலு பேர், ஒரு லைன்: டிசிபி சமமாகப் பங்கிடுகிறது என்றால் மீட்டிங் ஏன் திக்குகிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிக்கொள்கிறேன். பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டில் நான்கு பேர் ஒரு ஃபிளாட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைனைப் பகிர்கிறீர்கள். ஒருவர் கேம் டவுன்லோடு போட்ட மாத்திரத்தில் மற்ற மூவரின் ஆபீஸ் மீட்டிங்கும் திக்குகிறது. டிசிபி (இணையத்தில் தரவைத் தொலையாமல் கொண்டுசேர்த்து, வேகத்தையும் கட்டுப்படுத்தும் விதிமுறை) எல்லோருக்கும் சமமாகப் பங்கிடும் என்று கல்லூரியில் படித்தது பொய்யா, எல்லா லேப்டாப்பிலும் பிபிஆர் (கூகுள் செய்த நெரிசல் கட்டுப்பாட்டு முறை) போட்டுவிட்டால் சரியாகுமா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பங்கு ஏன் சமமாக விழவில்லை என்பது ஒன்று. கிடைத்த பங்கே மீட்டிங்குக்குப் போதுமானதாக இருந்தும் ஏன் திக்குகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் உங்கள் வீட்டுப் பிரச்சினை. ஆனால் முதலாவதைத் தெளிவாக்காமல் அதற்குப் போக முடியாது.

புத்தகம் சொன்னது சரிதான். 100 எம்பிபிஎஸ் லைனில் இரண்டு டிசிபி இணைப்புகள் ஓடுகின்றன, ஒன்று 80, மற்றது 20 எடுக்கிறது என்று வையுங்கள். இடைவெளி 60. லைன் நிரம்பி பாக்கெட் (தரவுத் துண்டு) விழுந்ததும், அதாவது தொலைந்ததும், இரண்டும் தங்கள் வேகத்தைப் பாதியாக்கும்: 40, 10. இடைவெளி 30. பிறகு இரண்டும் ஒரே அளவாகக் கூட்டிக்கொண்டே போகும்: 65, 35. மறுபடி பாதி: 32.5, 17.5. இடைவெளி 15. கூட்டும்போது இடைவெளி மாறாது, பாதியாக்கும்போது இடைவெளியும் பாதியாகும். நாலைந்து சுற்றில் இரண்டும் ஐம்பதை ஒட்டி வந்து நிற்கும். கூட்டலாய் ஏறி வகுத்தலாய் இறங்கும் இந்த முறைதான் நியாயமான பங்கில் போய்ச் சேரும் என்று 1989-இல் ஆய்வாளர்கள் சியூவும் ராஜ் ஜெயினும் கணக்காகவே காட்டினார்கள். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் அந்தக் கணக்குக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு, வகுப்பில் அவை வேகமாகக் கடந்துபோய்விடும். இரண்டு இணைப்புகளும் ஒரே இடத்தில் நெரிசலைச் சந்திக்க வேண்டும். இரண்டுக்கும் போய்வரும் நேரம், அதாவது ஆர்டிடி, ஒன்றாக இருக்க வேண்டும். ஆளுக்கு ஓர் இணைப்புதான் வைத்திருக்க வேண்டும். வீட்டில் முதலில் உடைவது மூன்றாவது நிபந்தனை.

பந்தியில் பரிமாறுபவர் இலைக்கு ஒரு கரண்டி என்றுதான் போடுவார். ஒரே ஆள் பதினாறு இலை விரித்து உட்கார்ந்தால் பதினாறு கரண்டி விழும். டிசிபிக்குத் தெரிந்தது இலைதான், ஆள் அல்ல. கேம் டவுன்லோடரும் டோரண்ட்டும் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறப்பவை. ஒருவர் 16 இணைப்பும் மற்ற மூவர் ஆளுக்கு ஒன்றும் வைத்திருந்தால் மொத்தம் 19. அவருக்கு 84 எம்பிபிஎஸ், மற்றவர்களுக்கு ஆளுக்கு 5.3. நியாயத்தை அளக்க ஜெயின் பெயரிலேயே ஓர் எண் இருக்கிறது. முழுச் சமம் என்றால் 1 வரும். இணைப்புகளை எண்ணி அந்தச் சூத்திரத்தில் போட்டால் உங்கள் வீட்டுக்குச் சரியாக 1 வரும். ஆட்களை எண்ணிப் போட்டால் 0.35 வரும், நாலு பேரில் ஒருவரே எல்லாவற்றையும் அள்ளினாலும் 0.25-க்குக் கீழே போகாது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு மோசம் என்று புரியும். லைனில் நடப்பது ஒன்றே, எதை எண்ணினோம் என்பதுதான் வேறு. இணைப்பை அலகாக எடுப்பதே தவறு என்று நெட்வொர்க் ஆய்வாளர் பாப் பிரிஸ்கோ 2007-இல் காட்டமாக எழுதினார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. என் பார்வையில் அவர் சொன்ன குறை உண்மை, ஆனால் அதற்கு அவர் கேட்ட மருந்து இணையம் முழுவதும் மாறினால்தான் வேலை செய்யும். வீட்டு ரூட்டருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

ஆர்டிடி நிபந்தனையும் உடையும், ஆனால் நினைப்பதுபோல் அல்ல. டிசிபியின் பழைய நெரிசல் முறையான ரீனோ ஒரு ஆர்டிடிக்கு ஒரு பாக்கெட் கூட்டும். பெங்களூரிலிருந்து சென்னையில் இருக்கும் சர்வருக்கு 10 மில்லி விநாடி, அமெரிக்காவில் இருப்பதற்கு 200-க்கும் மேல். முன்னது ஒரு விநாடியில் 100 பாக்கெட் ஏறும்போது பின்னது 5 ஏறும். மேலும், 100 எம்பிபிஎஸ்-இல் 200 மில்லி விநாடி என்றால் சுமார் 1,670 பாக்கெட் எப்போதும் வழியில் இருக்க வேண்டும். ஒரே ஒரு இழப்பில் அது 835 ஆகிவிட்டால், விட்ட இடத்தைப் பிடிக்க ரீனோவுக்கு 167 விநாடி வேண்டும். கிட்டத்தட்ட மூன்று நிமிடம். க்யூபிக் என்ற அடுத்த முறை வந்ததே இதற்காகத்தான். அது கடைசியாக இழப்பு நேர்ந்த அளவை நினைவில் வைத்து, 30 சதவீதம் மட்டும் இறங்கி, கடிகார நேரத்தைப் பார்த்து மூன்றாம்படி வளைவில் ஏறும். அதே இடத்தை ஏறக்குறைய 11 விநாடியில் பிடிக்கும். அந்த நேரம் ஆர்டிடியைச் சாராதது. லினக்ஸில் 2006 முதல் இதுவே இயல்பு. இன்று விண்டோஸிலும் மேக்கிலும் அதுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு: வழியில் பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை நிரம்பி எல்லோருக்கும் 300 மில்லி விநாடி தாமதம் கூடிவிட்டால், 10-க்கும் 200-க்கும் இருந்த இருபது மடங்கு வித்தியாசம் 310-க்கும் 500-க்குமாகச் சுருங்கிவிடும். பெருத்த பஃபர், அதாவது அந்த வரிசைக்கான நினைவகம், ஒருவகையில் சமத்துவம் கொண்டுவருகிறது, எல்லோரையும் சமமாகக் கெடுத்து.

சரி, ஆளுக்கு 5.3 எம்பிபிஎஸ் கிடைக்கிறது என்றேன். ஒரு ஹெச்டி வீடியோ மீட்டிங்குக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். அப்படியானால் ஏன் திக்குகிறது? இங்கேதான் இரண்டாம் கேள்வி வருகிறது. க்யூபிக் பாக்கெட் விழும்வரை நிறுத்தாது. பாக்கெட் விழ வேண்டுமென்றால் பஃபர் நிரம்ப வேண்டும். 2.5 மெகாபைட் பஃபர் 100 எம்பிபிஎஸ்-இல் காலியாக 200 மில்லி விநாடி ஆகும். அதே பஃபர் 20 எம்பிபிஎஸ் அப்லோடு பக்கம் இருந்தால் ஒரு முழு விநாடி. உங்கள் குரல் பாக்கெட் அந்தக் கேம் பாக்கெட்டுகளின் பின்னால் வரிசையில் நின்று வர வேண்டும். ஜிம் கெட்டிஸ் 2010 வாக்கில் இதற்குப் பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார். பஃபர் விலை மலிந்ததால் பெட்டி செய்பவர்கள் தாராளமாக வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அதோடு மீட்டிங் செயலியின் குணமும் சேர்கிறது. வெப்ஆர்டிசி (நேரடிக் குரலும் வீடியோவும் அனுப்பும் தொழில்நுட்பம்) வழியாக ஓடும் மீட்டிங்குகள் யூடிபியில் (டிசிபி போலத் தானே வேகத்தைக் கட்டுப்படுத்தாத விதிமுறை) போகின்றன, ஆனால் அவற்றுக்கும் சொந்த நெரிசல் கட்டுப்பாடு உண்டு. அது தாமதம் ஏறுவதைப் பார்த்தே பின்வாங்கிவிடும். க்யூபிக்கோ தாமதத்தைக் கண்டுகொள்ளாது. முதலில் இடம் கொடுப்பவருக்கு இடமே மிஞ்சாது. 1990-களில் வேகாஸ் என்ற டிசிபி வகைக்கு நேர்ந்ததும் இதே கதி: தாமதத்தைப் பார்த்து ஒதுங்கியதால் ரீனோவின் பக்கத்தில் பட்டினி கிடந்தது. ஆக 5.3 என்பது ஏட்டுக் கணக்கு; நடப்பில் மீட்டிங் அதையும் பிடித்துவைக்காது, படத்தை மங்கலாக்கிக் குரலை அறுக்கும். இதே குணத்தை நல்லதற்குப் பயன்படுத்துவது டோரண்ட்டின் லெட்பேட் என்ற நெரிசல் முறை: வரிசையில் 100 மில்லி விநாடிக்குமேல் தாமதம் சேர்க்கக் கூடாது என்று வேண்டுமென்றே ஒதுங்கும். அது 2012-இல் ஆர்எஃப்சி 6817 என்ற இணைய ஆவணம் ஆனது. உங்கள் நண்பருடையது டோரண்ட்டாக இருந்தால் லெட்பேட்டைப் பயன்படுத்தும் அந்த uTP வகையை அணைத்து வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். பலர் வேகத்துக்காக அணைத்துவிடுவார்கள்.

இப்போது பிபிஆர். முதலில் ஓர் அடிப்படை விஷயம்: எந்த நெரிசல் முறை என்பதை முடிவு செய்வது அனுப்புபவர். நீங்கள் டவுன்லோடு செய்யும்போது அனுப்புவது கேம் கம்பெனியின் சர்வர். உங்கள் லேப்டாப்பில் பிபிஆர் போட்டால் மாறுவது உங்கள் அப்லோடு மட்டும். அந்த டவுன்லோடின்மேல் அதற்கு ஒரு பிடியும் கிடையாது. ஆகவே நேரடிப் பதில்: சரியாகாது.

அனுப்புபவரே போட்டால்கூட அது நியாயத்துக்கான கருவி அல்ல. கூகுள் 2016-இல் வெளியிட்ட முதல் பதிப்பு லினக்ஸ் 4.9-இல் சேர்ந்தது. அது இழப்பைப் பார்க்காமல், கிடைக்கும் வேகத்தையும் குறைந்தபட்ச ஆர்டிடியையும் அளந்து, இரண்டின் பெருக்கத்தைப் போல் இரு மடங்குக்குமேல் வழியில் விடாது. 25 சதவீதம் கூட்டிப் பார்க்கும், அடுத்த சுற்றில் 25 சதவீதம் குறைக்கும், ஆறு சுற்று நிலையாக ஓடும். புதிய குறைந்தபட்ச ஆர்டிடி 10 விநாடி தென்படாவிட்டால் 200 மில்லி விநாடிக்கு நாலு பாக்கெட்டாகச் சுருங்கி வரிசையை வடித்துப் பார்க்கும். அழகான வடிவமைப்பு. ஆனால் க்யூபிக்கோடு சேர்ந்து ஓடும்போது யார் வெல்வார் என்பது பஃபரின் ஆழத்தைப் பொறுத்தது: பஃபர் சிறிதானால் பிபிஆர் இழப்பைப் பொருட்படுத்தாமல் க்யூபிக்கை நசுக்கும், பல மடங்கு பெரிதானால் க்யூபிக் அதை நிரப்பி பிபிஆரை ஒதுக்கும். பத்துப் பதினாறு க்யூபிக் இணைப்புகளுக்கு எதிரே ஒரே ஒரு பிபிஆர் இணைப்பு லைனில் 40 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டதை 2019-இல் ஓர் ஆய்வு காட்டியது. இழப்புக்கும் காது கொடுக்கும்படி பின்வந்த பதிப்புகளில் திருத்தினார்கள். 2023-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. அது எல்லாச் சூழலிலும் க்யூபிக்கோடு நியாயமாகப் பழகும் என்று அடித்துச் சொல்வதற்கில்லை, முடிவுகள் பஃபருக்குப் பஃபர் மாறுகின்றன.

நெரிசல் கட்டுப்பாட்டிடம் இதை எதிர்பார்ப்பதே கொஞ்சம் அதிகம். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, 400 கஜம் தூரத்தில், விநாடிக்கு 32 கிலோபிட் ஓடிய பாதை நெரிசலால் 40 பிட்டுக்கு விழுந்தது. கிலோபிட் அல்ல, வெறும் பிட். அதை ஆராய்ந்த வேன் ஜேக்கப்சன் 1988-இல் தந்த மருந்து நெட்வொர்க் உயிரோடிருக்கத்தான். நியாயம் அதில் பக்க விளைவாகக் கிடைத்தது. ஆளுக்கு ஆள் நியாயம் வேண்டுமென்றால் அதை முனைகளில் தேடாமல் வரிசை நிற்கும் இடத்தில் வைக்க வேண்டும். ஜான் நேகிள் 1985-லேயே சொன்ன வழிதான்: ஒவ்வொருவருக்கும் தனி வரிசை, சுற்றிச் சுற்றி ஒவ்வொன்றாக எடு. அப்போது யார் எவ்வளவு முரட்டுத்தனமாக அனுப்பினாலும் அவருடைய வரிசைதான் நிரம்பும்.

வீட்டில் இதைச் செய்யும் வழி, ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஏற்றிய ரூட்டரில் கேக் என்ற வரிசை மேலாளர். 2018-இல் லினக்ஸ் 4.19-இல் சேர்ந்தது. அதன் அண்ணன் எஃப்க்யூ-கோடெல் இணைப்புகளை 1,024 வரிசைகளாகப் பிரிக்கும்; ஒரு பாக்கெட் வரிசையில் நிற்கும் நேரம் 100 மில்லி விநாடி முழுவதும் 5-க்குக் கீழே இறங்காவிட்டால் பாக்கெட்டை விட்டெறிந்து அனுப்புபவரை எச்சரிக்கும். மெல்லிய ஓட்டங்கள், அதாவது குரல், டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கும் கேள்விகள்) போன்றவை, முன்னால் புகுந்து போகும். ஆனால் அதுவும் இலையைத்தான் எண்ணும். கேக் முதலில் ஆளுக்குப் பிரித்து, பிறகு அவருடைய இணைப்புகளுக்குள் பிரிக்கும். ஒருவர் பயன்படுத்தாத பங்கு மற்றவருக்குப் போகும். ஆபீஸ் விபிஎன் வைத்திருப்பவருக்கு இது முக்கியம்: அவருடைய எல்லா வேலையும் வெளியே ஒரே இணைப்பாகத் தெரியும், எஃப்க்யூ-கோடெல்லில் பதினாறு இணைப்புகள் நடுவே ஒற்றை இணைப்பாகிவிடுவார், கேக்கில் தன் கால் பங்கை இழக்க மாட்டார்.

அமைக்கும்போது: லூசி பக்கத்தில் (ஓப்பன்டபிள்யூஆர்டியின் அமைப்புத் திரை) எஸ்க்யூஎம் (வரிசை மேலாண்மை) தொகுப்பை நிறுவுங்கள். இன்டர்ஃபேஸாக வெளிப்பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பிபிபிஓஇ லாகின் (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) என்றால் அந்த பிபிபிஓஇ இன்டர்ஃபேஸையே. கேபிள் போட்ட ஒரு லேப்டாப்பில் இரவு ஒன்பது, பத்து மணிக்கு ஸ்பீட் டெஸ்ட் எடுத்து, வந்த எண்ணில் 90 சதவீதத்தை இரு பக்கமும் கொடுங்கள். 94 வந்தால் 85,000 கேபிபிஎஸ். இந்தப் பத்து சதவீதத்தை விட்டுக்கொடுப்பதுதான் சூட்சுமம்: இணையக் கம்பெனிக்காரரின் பெட்டியில் நிற்கும் வரிசையை உங்களால் தொட முடியாது, ஆனால் உங்கள் ரூட்டரை அதைவிடக் கொஞ்சம் குறுகலாக்கினால் வரிசை உங்கள் கைக்கு வந்துவிடும். பாக்கெட் ஓவர்ஹெட்டுக்கு (ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேரும் கூடுதல் பைட்டுகள்) 44 என்று போட்டால் பாதுகாப்பு. கடைசியாக மேம்பட்ட விருப்பங்களில் அப்லோடு பக்கம் ‘நாட் டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட்’, டவுன்லோடு பக்கம் ‘நாட் டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட் இன்கிரஸ்’ என்று ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ‘நாட்’ என்ற சொல்லை விட்டால் ரூட்டர் வீட்டு முகவரிகளை ஒரே வெளி முகவரியாக மாற்றிய பிறகு வீடு முழுக்க ஒரே ஆளாகத் தெரியும். செய்த வேலை வீண். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான்.

மற்ற சறுக்கல்கள் இவை. இணையக் கம்பெனி கொடுத்த ஓஎன்டி (ஃபைபர் வந்து சேரும்) பெட்டியின் வைஃபையை அணைக்காமல், சிலர் அதிலும் சிலர் உங்கள் ரூட்டரிலும் இருந்தால், அங்கே இருப்பவர் கேக்கைத் தொடாமலே போவார். பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரூட்டர் வேலை பார்க்காமல் பாக்கெட்டுகளைக் கடத்திவிடும் நிலை) போடச் சொல்லுங்கள். ஹார்டுவேர் ஆஃப்லோடிங் (சிபியுவைத் தொடாமல் தனி வன்பொருளே பாக்கெட்டுகளைக் கடத்துவது) ஓடினால் பாக்கெட்டுகள் கேக்கைச் சுற்றிக்கொண்டு போய்விடும், அதை அணைக்க வேண்டும். அணைத்தால் சிபியு சுமை ஏறும். எம்ஐபிஎஸ் சிப் வைத்த பழைய மலிவு ரூட்டர்கள் 100-ஐ ஒட்டியே மூச்சு வாங்கும், டவுன்லோடின்போது சிபியு முழுக்கப் போகிறதா என்று பார்க்கவும். மாதக் கடைசியில் எஃப்யூபி (மாதத் தரவு வரம்பு) தாண்டி வேகம் 2 எம்பிபிஎஸ்-க்கு இறங்கினால் 85,000 என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை, வரிசை மறுபடி அந்தப் பக்கம் போய்விடும். கேக் எண்ணும் ‘ஆள்’ என்பதும் ஐபி முகவரிதான்: போன், லேப்டாப், டிவி வைத்திருப்பவர் மூன்று ஆள். ஐபிவி6 இருந்தால் ஒரே லேப்டாப்புக்குப் பல முகவரிகள் இருக்கும். நாலு பேருக்குள் இது பெரிதாகக் கடிக்காது, பி.ஜி. அளவில் கடிக்கும்.

ரூட்டரை மாற்றும்வரை காசில்லாத வழி ஒன்று: கேம் செயலியிலேயே டவுன்லோடு வேகத்தை 60 எம்பிபிஎஸ் என்று கட்டுங்கள். லைன் நிரம்பாவிட்டால் வரிசையே உருவாகாது, பதினாறு இணைப்பும் சாதுவாகிவிடும். நண்பருக்கு டவுன்லோடு கொஞ்சம் நீளும், அவ்வளவே. போன்களில் போட்டோ பேக்கப்பை இரவு இரண்டு மணிக்குத் தள்ளுங்கள். அப்லோடு வரிசை நிரம்பினால் டவுன்லோடுக்கான ஒப்புகைகளும் (பாக்கெட் வந்தது என்ற பதில்கள்) அதில் மாட்டி, டவுன்லோடு சேர்ந்து தளரும். அதற்கு யாரும் போட்டோ பேக்கப்பைச் சந்தேகிப்பதில்லை.

ஆனால் இவை எதையும் தொடும் முன் பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) எடுங்கள், ஏனென்றால் உங்கள் நெரிசல் வைஃபையிலேயே இருக்கலாம். கேள்வியை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. ஒரு லேப்டாப்பில் இரண்டு சாளரம்: ஒன்றில் ரூட்டருக்கு, 192.168.1.1 போல, மற்றதில் வெளியே இருக்கும் 1.1.1.1 சர்வருக்கு. லைன் சும்மா இருக்கும்போது ஒரு நிமிடம், கேம் டவுன்லோடு ஓடும்போது ஒரு நிமிடம், பெரிய ஃபைலை அப்லோடு செய்யும்போது ஒரு நிமிடம். ரூட்டர் எண் 2, 3 மில்லி விநாடியிலேயே நிற்க, வெளி எண் மட்டும் 200, 300-க்கு ஏறினால் மேலே சொன்ன மருந்து பலிக்கும். ரூட்டர் எண்ணே ஏறினால் வைஃபைதான். தூரத்து அறையில் 6 எம்பிபிஎஸ்-இல் பேசும் ஒரு பழைய போன் காற்று நேரம் முழுவதையும் தின்னக்கூடும், கேக் அங்கே உதவாது. கேம் இழுக்கும் மெஷினுக்கு ஒரு கேபிள் போடுவது அப்போது எந்த அல்காரிதத்தையும்விட மேல். அந்த ஆறு எண்களையும் ரூட்டர் மாடலையும் கீழே எழுதுங்கள், எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்கிறேன்.